மைக்கும் மஞ்சள் தண்ணியும்

ஹோலி நம்முடைய பண்டிகை இல்லை என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். யாரும் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்வேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாம்பிராணி வாங்கப் போகும் கடையில் வண்ணப்பொடி பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தால் போதும், கடைக்காரரைப் பிடித்துக்கொள்வேன். “இது வடக்கத்திக்காரங்க சமாச்சாரம் அண்ணே, நமக்கு எதுக்கு?” என்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே சில்லறையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். எனக்கு அது சம்மதம் மாதிரித்தான் தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் ஒரு ஹோலி விழாவில், ஹோலி எப்படி வந்தது என்று பேசக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். ஏன் போனேன் என்பது அதற்கு முந்தைய ஆடி மாதத்தில் தொடங்குகிறது.

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு பண்டமாரானில். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் பெண்ணின் அப்பாவைப் பேசவிடாமல் நானே பேசியதுதான் காரணம் என்று என் அக்கா சொல்வாள். அக்காவின் கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அப்போது அவள் மகளுக்கு நான்கு வயது. இரண்டு பெட்டிகளோடு என் வீட்டுக்கு வந்தார்கள், அப்படியே இருந்துவிட்டார்கள். அந்த மகளுக்கு இப்போது முப்பத்தொன்று. ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் கணக்காளராக இருக்கிறாள். எனக்கு மருமகள். பிள்ளை என்றாலும் அவள்தான்.

எங்கள் கோயிலில் ஆடியில் தீமிதி. அதற்கு மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டு. பெரிய அண்டாக்களில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைக் கிள்ளிப் போட்டு வைப்பார்கள். அதை ஒருவர் மேல் ஒருவர் ஊற்ற வேண்டியதுதான். ஆனால் கண்டபடி ஊற்றிவிட முடியாது. முறை இருக்கிறது. மாமன், அத்தை பிள்ளை, கொழுந்தன், மச்சான் என்று கேலி செய்யும் உறவுக்குத்தான் ஊற்றலாம். முறையில்லாதவர் மேல் ஒரு சொட்டு பட்டாலும் அந்த வருடம் பஞ்சாயத்துதான். நான் கோயில் கமிட்டிச் செயலாளர் என்பதால் இந்த விதிகளை மைக்கில் விளக்குவது என் வேலை. முக்கால் மணி நேரம் விளக்குவேன். அதற்குள் பாதிப் பேர் நனைந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தாய்மாமன் மேல் ஊற்றுவது மருமகளின் உரிமை. என் மருமகள் ஐந்து வயதிலிருந்து அதை விட்டதில்லை. முதல் வருடம் பால் டின் ஒன்றில் மொண்டு வந்து என் முழங்காலில் ஊற்றினாள், அதற்கு மேல் எட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையானதும் பிளாஸ்டிக் வாளி. யூனிவர்சிட்டியில் படித்தபோது பரீட்சைக்கு நடுவில் பஸ் ஏறி வந்து ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனாள். நான் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து தலையில் கவிழ்ப்பாள். “இதெல்லாம் மரியாதையா?” என்று மைக்கிலேயே திட்டுவேன். கூட்டம் சிரிக்கும். எனக்கு வருடத்தில் ஆசையாகக் காத்திருக்கும் நாள் அது ஒன்றுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஆடிக்கு ஒரு மாதம் முன்பு அவள் ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். லக்னோக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காக விசாவில் வந்தவன், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறான். அவனிடம் குறை கண்டுபிடிக்க நான் மிகவும் சிரமப்பட்டேன். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவினான். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தான். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அவனுக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றியபோது, எல்லாம் என் கையை மீறிப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

அவன் போனதும் சொன்னேன், “நமக்கு ஒத்து வராது. பாஷை வேற, பழக்கம் வேற. நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். நான் இருக்கிற வரைக்கும் இது நடக்காது.”

மருமகள் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள், “உங்கள மீறிப் போகமாட்டேன் மாமா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன். உங்கள மாதிரியே இருந்துட்டுப் போறேன்.”

ஜெயித்துவிட்டதாக இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் அக்கா காய் நறுக்கிக்கொண்டே, “உன்ன மாதிரி ஒண்ண வச்சே நான் படுற பாடு போதாதா? இன்னொண்ணு வேறயா?” என்றாள். அப்போதுதான் மருமகள் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. அறுபது வயதில், ஓர் அறையில், ரேடியோவோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் மருமகள். ஆனால் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்பப் பெறுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பழக்கமே இல்லை.

ஆடி வந்தது. மஞ்சள் நீராட்டு அன்று வழக்கமான வெள்ளைச் சட்டை, வேட்டி. வழக்கமான பேச்சு. மருமகள் வாளியோடு வந்தாள். என் சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேரும் அவளுக்கு மாமன்கள்தான், மூன்று பேரையும் தலையோடு நனைத்தாள். நான் பின்பக்கத்தை வசதியாகக் காட்டிக்கொண்டு பேச்சை நீட்டினேன். ஒன்றும் விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். காலி வாளியோடு நின்றாள். “சட்டை புதுசா இருக்கு மாமா. எதுக்கு வீணாக்கணும்” என்றாள். குரலில் கோபமே இல்லை. ஆபீஸில் வெளியாளிடம் பேசுவது போல அவ்வளவு மரியாதையாக இருந்தது.

நான் காய்ந்த சட்டையோடு நிற்பதைப் பார்த்துக் கமிட்டிப் பொருளாளர், “என்ன செயலாளரே, உங்க ஏரியாவுல தண்ணி கட்டா?” என்றார். கிள்ளான் பக்கம் மாதத்துக்கொரு தடவை தண்ணீர் நின்றுபோவது எல்லாருக்கும் தெரியும் என்பதால் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைத் துவைக்கும் கூடையில் போட்டேன். ஒரு கறையும் இல்லாத சட்டையை அக்கா துவைத்துக் காயப்போட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. “மாமா, டீ” என்று கொண்டுவந்து வைப்பாள். “மாமா, கரண்டு பில்லு கட்டியாச்சு” என்பாள். வேறு பேச்சு இல்லை. எட்டு மாதம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அந்தப் பையன் போன் பண்ணினான். தமிழை ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து வைத்துப் பேசினான். “அங்கிள், எங்க கொண்டோவுல ஹோலி பண்றோம். கமிட்டி சேர்மன் சீன ஆன்ட்டி. ஹோலின்னா என்ன, எப்படி வந்துச்சு, யாராச்சும் பேசணும்னு கேக்குறாங்க. நீங்க பேசுவீங்களா? மைக் இருக்கு.”

மறுத்துவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “எத்தனை நிமிஷம்?” என்று கேட்டுவிட்டேன். பின்னால்தான் தெரிந்தது, இந்த யோசனை மருமகளுடையது. “எங்க மாமாவுக்குச் சோறு வேணாம்னு சொல்லத் தெரியும். மைக் வேணாம்னு சொல்லத் தெரியாது” என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்று வாரம் படித்தேன். ஹோலி நம்மிடமிருந்துதான் போனது என்று நிரூபித்துவிட்டு, சாப்பிடாமல் திரும்புவது என் திட்டம். முப்பது வருடமாக நம் பண்டிகை இல்லை என்று சொன்னவன், நம் பண்டிகைதான் என்று நிரூபிக்கப் புறப்பட்டதில் ஏதோ இடிக்கிறது என்று அக்கா சொன்னாள். அவளுக்கு ஆராய்ச்சி தெரியாது என்று விட்டுவிட்டேன். “வாய அளவாத் திறந்துட்டு வா” என்று வழியனுப்பினாள். முழங்கால் வலி, அவள் வரவில்லை.

புது வெள்ளைச் சட்டை, வேட்டி. யாராவது கலர் பூசினால் என்ன சொல்லித் திட்ட வேண்டும் என்பதும் மனப்பாடம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பையில் மாற்றுத் துணி. மருமகள் காலையிலேயே காரில் போய்விட்டாள். நான் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தேன்.

நோன்பு மாதம் என்பதால் மேளம் கிடையாது, பாட்டும் மெதுவாகத்தான், மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று கொண்டோ நிர்வாகம் சொல்லியிருந்ததாம். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு பந்தல். மேசைமேல் தட்டுத் தட்டாகப் பொடி. சிவப்பு, பச்சை, ஊதா. எல்லாரும் பழைய துணியில் வந்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தவனைப் போல நான் ஒருவன்தான்.

ஒயர் இல்லாத மைக். வாங்கினேன். காமனில் ஆரம்பித்தேன். சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரித்த கதை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் மாசி மாதத்தில் காமனை எரிப்பது. காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடியப் பாட்டாலேயே மோதிக்கொள்வது. இங்கிலீஷும் மலாயும் கலந்து வெளுத்துக் கட்டினேன். சேர்மன் ஆன்ட்டி உண்மையாகவே கவனித்தார். “சோ எரிஞ்சானா இல்லையா?” என்று கேட்டார். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிரோடு இருக்கிறான் என்றேன். “அப்போ ரெண்டு கட்சியும் கரெக்ட்லா” என்றார். நூற்றாண்டு வழக்கை அவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்.

அடுத்து வடக்கத்திக் கதை. இரணியன், தன்னைத்தான் கும்பிட வேண்டும் என்றவன். மகன் பிரகலாதன் கேட்கவில்லை. இரணியனுக்கு ஒரு தங்கை, ஹோலிகா. நெருப்பு அவளைச் சுடாது என்று வரம். “அவ பிரகலாதனுக்கு யாரு? அத்தை” என்று விரலை உயர்த்தினேன். உறவுமுறை என் தொழில் அல்லவா? “பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளை, எனக்கு உரிமை இருக்குன்னு மடியில உக்கார வச்சுக்கிட்டா. சொன்ன பேச்சைக் கேக்கலைன்னு, அவனோட நெருப்புக்குள்ள போனா. வளர்த்த உரிமை…”

அங்கே நின்றுவிட்டேன். வளர்த்த உரிமை என்று கதையில் எங்கேயும் இல்லை. என் குறிப்பிலும் இல்லை. அது எங்கிருந்து வாயில் வந்தது என்று எனக்குத் தெரியும். மருமகள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பிள்ளை பொழைச்சிட்டான். அத்தைதான் எரிஞ்சா. ஹேப்பி ஹோலி” என்று முடித்தேன். என் வாழ்க்கையிலேயே குறைந்த நேரப் பேச்சு அதுதான்.

கைதட்டி முடிப்பதற்குள் பொடி பறக்க ஆரம்பித்தது. நான் மைக்கோடு அப்படியே நின்றேன். முதலில் வருபவரைத் திட்டலாம் என்று தயாராக இருந்தேன். யாரும் வரவில்லை. ஒரு சின்னப் பெண் தண்ணீர்த் துப்பாக்கியோடு ஓடி வந்தாள். அவள் அம்மா பாய்ந்து பிடித்து இழுத்துப் போனார். பக்கத்தில் வந்தவர்கள் எல்லாம் நான்கு அடி தள்ளி நின்று கும்பிட்டு, “ஹேப்பி ஹோலி அங்கிள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். சேர்மன் ஆன்ட்டி பச்சை முகத்தோடு என்னைத் தாண்டி ஓடினார். கால் மணி நேரத்தில் அந்தப் பந்தலில் வெள்ளையாக இருந்தது நானும் பந்தல் துணியும்தான்.

பையன் வந்தான். முகம் முழுக்க ஊதா. குனிந்து, என் கால் விரல்களின்மேல் ஒரு சிட்டிகை சிவப்புப் பொடியை வைத்தான். வைத்துவிட்டு நிமிராமல் தலையைக் கொஞ்சம் தாழ்த்தியபடியே நின்றான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “சரி சரி” என்றேன். அவன் இன்னும் ஒரு கணம் நின்றுவிட்டு, மெதுவாக நிமிர்ந்து, சிரிக்க முயன்று, போய்விட்டான். எல்லாருக்கும் கன்னத்தில், எனக்கு மட்டும் காலிலா என்று கோபம் வந்தது.

நிழலுக்காகக் காவலர் கூண்டுப் பக்கம் போனேன். காவலர் நேப்பாளக்காரர், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். அவர் மேலும் கலர் இல்லை. ட்யூட்டி முடியும்வரை விளையாடக் கூடாதாம். அவர் ஊரிலும் இந்தப் பண்டிகை உண்டு என்று மலாயில் சொன்னார். பிறகு, “அங்கிள் ஏன் திருப்பி வைக்கல?” என்று கேட்டார்.

“எதை?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், மூன்று வாரம் படித்ததெல்லாம் போயிற்று. சின்னவர்கள் பெரியவர்களின் காலில்தான் முதலில் வைப்பார்களாம். பெரியவர் அந்தப் பொடியை எடுத்து அவர்களின் நெற்றியில் வைக்க வேண்டும். அதுதான் ஆசீர்வாதம். வைக்காவிட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். “நீங்க வைக்கல. அவரு வெயிட் பண்ணிட்டுப் போயிட்டாரு. நான் இங்கேருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

“மத்தவங்க யாரும் என் பக்கமே வரலையே, அது ஏன்?”

காலையிலேயே எல்லாருக்கும் வாட்சப் வந்ததாம். வெள்ளைச் சட்டை அங்கிள் வருவார், அவர் மேல் யாரும் கலர் போட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அனுப்பியது அந்தப் பையனின் தோழி, அதாவது என் மருமகள். காவலருக்கும் தனியாக வந்து சொல்லியிருக்கிறாள்.

அந்த நரைமீசைக்காரர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற அவள் இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறாள். இருபத்தேழு வருடம் வளர்த்ததில் அவள் என்னைப் பற்றிக் கற்றுக்கொண்டது, மாமாவைத் தொட்டால் கோபம் வரும் என்பதுதான். நான் சாகும்வரை என்னை இப்படியே அழுக்குப்படாமல் வைத்திருப்பாள். டீ வைப்பாள், பில் கட்டுவாள், பக்கத்து அறையில் தனியாக இருப்பாள்.

திரும்ப நடந்தேன். பையன் நண்பர்களோடு நின்றிருந்தான். மேசையிலிருந்து பொடியை எடுக்கப் போய், அது சரியில்லை என்று தோன்றி, குனிந்தேன். அறுபது வயதில் குனிவது லேசில்லை. என் கால் விரலில் ஒட்டியிருந்ததை வழித்தெடுத்து அவன் நெற்றியில் வைத்தேன். மூக்கிலும் கொஞ்சம் பட்டது. “தெரியாமப் போச்சு தம்பி” என்றேன். முதல் தடவையாக அவனைத் தம்பி என்று கூப்பிட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போனேன். பேசத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்த எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. “எனக்கு ஊத்தமாட்டியா?” என்றுதான் வந்தது.

அவள் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வாளியை எடுத்தாள். கடைப் பொடி இல்லை. வீட்டு மஞ்சள், அதில் எங்கள் வாசல் மரத்து வேப்பிலை மிதந்தது. காலையிலேயே பண்டமாரானிலிருந்து கலந்து, மூடி போட்டு, காரில் கொண்டுவந்திருக்கிறாள். கலர் போட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொன்னவள், இதை எந்த நம்பிக்கையில் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

“மைக்க முதல்ல கீழ வைங்க மாமா” என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன், இன்னும் கையில் வைத்திருக்கிறேன். காவலர் கூண்டுவரை கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் வைத்தேன். தலையில் கவிழ்த்தாள். எட்டு மாதத்துத் தண்ணி. கண் எரிந்தது. நான் அழுதேன் என்று எழுதினால் அக்கா படித்துவிட்டுச் சிரிப்பாள். அழுதேன். அதன்பிறகு அந்தப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் என் மேல் விழுந்தார்கள், சேர்மன் ஆன்ட்டி உட்பட. எந்த முறையும் யாரும் பார்க்கவில்லை.

சாப்பிட்டேன். இரண்டு தடவை. மருமகள் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். “நீ இருந்து சாயங்காலம் மெதுவா வா. அந்தத் தம்பியையும் கூட்டிட்டு வா. அக்கா ரசம் வைப்பா” என்றேன்.

கொமுட்டரில் உட்காரவில்லை, சீட் வீணாகிவிடும். கதவோரம் நின்றேன். சட்டை மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக உடம்போடு ஒட்டியிருந்தது. மாற்றுத் துணிப் பை மடிப்புக் கலையாமல் கையில் தொங்கியது. நோன்பு திறப்பதற்கான பலகாரப் பைகளை மடியில் வைத்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் கல்யாணமா என்று கேட்டார்.

வழக்கமாக என்றால், இது ஹோலி, இது மஞ்சள் நீராட்டு, இரண்டுக்கும் வித்தியாசம் இன்னது என்று கிள்ளான் வரும்வரை அவரை விட்டிருக்க மாட்டேன். “இன்னும் இல்லம்மா, கூடிய சீக்கிரம்” என்று மட்டும் மலாயில் சொன்னேன். அதற்கு மேல் எதையும் விளக்கவில்லை.